அப்பன் இருக்கிறவன் மீசை

என் தொழிலில் ஒரு கேள்வி உண்டு. சாவுக்கு மொட்டை எடுக்கும்போது, கத்தியை நனைப்பதற்கு முன்னால், எதிரே உட்கார்ந்திருப்பவனிடம் கேட்டுவிட வேண்டும்: "அப்பா இருக்காரா?" இருக்கிறார் என்றால் மீசையைத் தொடக் கூடாது. தலையோடு சரி. மீசை பெற்ற தகப்பனுக்கு உரியது. அவர் போகிற அன்றைக்குத்தான் அது இறங்கும்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷமாக சலூன் வைத்திருக்கிறேன். ஏசி மாட்டியாயிற்று, சுழலும் நாற்காலி போட்டாயிற்று, 'தங்கப்பழம் ஹேர் ஸ்டைல்ஸ்' என்று விளக்குப் பலகையும் வைத்தாயிற்று. என்ன வைத்து என்ன? ஊரில் ஒரு உயிர் போனால் முதல் போன் எனக்குத்தான் வரும். கல்யாணப் பத்திரிகை மட்டும் ஊரெல்லாம் கொடுத்து மிச்சம் இருந்தால் வரும். அது கிடக்கட்டும்.

அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு தடவை. பதில் தெரிந்திருந்தும் கேட்காமல் விட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

தலைவரைச் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. வடக்கே ஏதோ ஒரு ஊரில், மேடையை விட்டு இறங்கி ஒரு கிழவிக்குக் கும்பிடு போடக் குனிந்திருக்கிறார். அப்போது சுட்டிருக்கிறான். என் கடையில் பாதி சவரத்தோடு இருந்தவர்கூட எழுந்து டிவி முன்னால் வந்து நின்றார்.

பக்கத்துச் செல்போன் கடை நியாஸ் அகமது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பேரு சொன்னானா அண்ணாச்சி?"

"யாரு பேரு?"

"சுட்டவன் பேரு."

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதையே கேட்டான். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. "என்னடே ஓதுதே?" என்றேன்.

"எங்க ஆளா இருக்கக் கூடாதுன்னு துஆ கேக்கேன்" என்றான். "செத்துப் போன மனுசனுக்கு வருத்தப்படுததுக்கு முந்தி இதைக் கேக்க வேண்டியிருக்கு, பாத்தீங்களா?"

சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கும் வெட்கமாக இருந்தது. சாயங்காலம் பெயர் வந்தது. சுட்டவன் தலைவருடைய ஊர்க்காரனாம், அவர் கும்பிட்ட அதே சாமியைக் கும்பிடுகிறவனாம். நியாஸ் போய் ஷட்டரைத் தூக்கினான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு அழுகை வந்தது.

மறுநாள் டெல்லியில் தகனம். இங்கே கட்சிக்காரர்கள் பஸ் ஸ்டாண்டு முன்னால் பந்தல் போட்டு, பெரிய படம் வைத்து, எல்லாரும் மொட்டை போட்டு அஞ்சலி செலுத்துவது என்று முடிவு செய்தார்கள். மாவட்டச் செயலாளரை இங்கே யாரும் பெயர் சொல்வதில்லை, 'மாவட்டம்' என்றுதான் சொல்வார்கள். மாவட்டம் என் கடைக்கே வந்துவிட்டார். "நாப்பது தலை இருக்கும் வே. டிவிக்காரன் வாரான். சுத்தமா வேலை பாக்கணும்" என்றார். "உங்களுக்கும் உண்டா?" என்று கேட்டேன். சர்க்கரை வியாதியாம். கத்தி பட்டால் ஆறாதாம். மீசையை ஒரு முறை தடவிக்கொண்டு போனார்.

நாற்பது தலைக்கும் கேட்டேன். அப்பா இருக்காரா, அப்பா இருக்காரா. இருக்கிறவனுக்கு மீசையை விட்டேன், இல்லாதவனுக்கு எடுத்தேன். நாற்பத்தோராவதாக வந்து உட்கார்ந்தவன் மாரிச்செல்வம்.

அவனிடம் கேட்க வேண்டியதே இல்லை. என் தெருவுக்கு அடுத்த தெரு. விசைத்தறியில் வேலை. அவன் அப்பா சண்முகையா அண்ணாச்சி இரண்டு நாளைக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூட இருந்து பார்த்துக்கொண்டது மகள் மாரிசெல்வி. மகன் இங்கே பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்குத் தலைவர் என்றால் உயிர். எட்டு வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிக் கூட்டத்தில் கூட்டம் நெருக்கி, இவன் தடுப்புக் கம்பிக்குக் கீழே விழுந்திருக்கிறான். தலைவர் குனிந்து கையைப் பிடித்துத் தூக்கி, இந்தியில் என்னமோ கேட்டாராம். இவனுக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. 'அடிபட்டுதான்னு கேட்டிருப்பாரு' என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். பெற்ற அப்பா ஒரு நாள்கூட அப்படிக் கேட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்வான்.

தலையை முடித்துத் துண்டால் துடைத்தேன். "மீசையையும் எடுங்க அண்ணாச்சி" என்றான்.

"ஏலே, உங்க அப்பா இருக்காவடா."

"இவரும் அப்பாதான்."

பெரிய படத்தைக் கை காட்டினான். கண்ணீர் தாடை வழியாக ஒழுகுகிறது. டிவிக்காரன் கேமராவை முகத்துக்கு நேரே கொண்டுவந்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் கோஷம் போடுகிறார்கள். "எடும்வே, என்ன யோசிக்கேரு?" என்று பின்னாலிருந்து மாவட்டம் அதட்டினார். என் புத்தி எங்கே போனதோ. எடுத்துவிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. கடையில் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. "சண்முகையா போயிட்டாரு. வெரசா வாரும்" என்றார் அந்தத் தெருக்காரர் ஒருவர். பாவி, இன்றைக்குத்தானா என்று பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

போனால், வாசலில் பொம்பளைகள் வட்டம் கட்டி மாரடிக்கிறார்கள். நடுவில் முருகம்மாள் மயினி. சண்முகையா அண்ணாச்சியின் சம்சாரம். நெற்றியில் பொட்டு இல்லை, அழித்த குங்குமம் புருவம் வரைக்கும் இழுவியிருந்தது. கண்ணாடி வளையல் நொறுங்கிக் கை முழுக்க ரத்தம். சுவரோரம் மாரிச்செல்வம் மொட்டைத் தலையோடு, மீசையில்லாத மேலுதட்டோடு, பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

நடந்தது இதுதான். மயினி அன்று காலையில்தான் மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். துணியை மடித்துக்கொண்டு நிமிர்ந்தால், மகன் மொட்டையும் மழித்த மீசையுமாக வாசலில் வருகிறான். அவள் என்ன நினைப்பாள்? ஆஸ்பத்திரியிலிருந்து மகனுக்கு முதலில் தகவல் வந்துவிட்டது, காரியத்துக்குத் தயாராகி வந்து நிற்கிறான் என்றுதான் எவளும் நினைப்பாள். அவன் வாயைத் திறப்பதற்குள் கையைச் சுவரில் அடித்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. அவன் "அம்மா, தலைவருக்கும்மா, தலைவருக்கு" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை.

அதற்குள் ஒரு புத்திசாலி, மாரிசெல்விக்குப் போன் போட்டு, "எத்தனை மணிக்கு அப்பாவைக் கொண்டு வாரீங்க, பந்தல்காரன் கேக்கான்" என்று கேட்டிருக்கிறான். அந்தப் பிள்ளை திகைத்துப் போய் ஸ்பீக்கரில் போட, பக்கத்துக் கட்டிலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சண்முகையா அண்ணாச்சி போனை வாங்கினார்.

"யாருடே செத்தது?" என்றார்.

இங்கேயும் போன் ஸ்பீக்கரில்தான் இருந்தது. வாசலில் இருந்த அத்தனை பொம்பளைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். அப்படியொரு அமைதியை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

'செத்ததாகச் சேதி வந்தால் ஆயுசு கெட்டி' என்று சொல்லித் தேற்றினார்கள். சொல்லலாம். ஆனால் புருஷன் உயிரோடு இருக்கும்போது பொட்டழித்தவள் நெஞ்சுக்கு அது போதுமா? மயினி அன்றே கோமதியம்மன் சன்னதிக்கு ஓடி, நடை திறக்கிற வரைக்கும் வாசல்படியில் கிடந்தாள். அங்கே பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணை வாங்கிக்கொண்டு போய் அண்ணாச்சி நெஞ்சில் பூசினாள். அவர் அவள் கையைப் பார்த்தார். ஒரு கையில் எட்டுத் தையல்.

அஞ்சாம் நாள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகி அல்ல. இருதயத்தில் பம்பிங் இருபது சதம்தான் இருக்கிறது, ஆபரேஷன் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். வந்ததும் முதல் காரியமாக வளையல்காரியைக் கூப்பிட்டு மயினிக்கு இரண்டு கை நிறையப் போடச் சொன்னார். இரண்டாவது காரியமாக என்னைக் கூப்பிட்டுச் சவரம் செய்யச் சொன்னார்.

நுரை தடவும்போது என்னைப் பார்த்துக் கேட்டார். "நீருதான எடுத்தது?"

"ஆமா அண்ணாச்சி." வேறு என்ன சொல்ல?

"உமக்குத் தெரியும்லா, நான் இருக்கேன்னு?"

"தெரியும்."

அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். பிறகு, "அவன்ட்ட சொல்லும். மீசை இல்லாத மூஞ்சியோட என் முன்னால வந்து நின்னான்னா, நான் செத்தவன்னு அர்த்தம். முளைச்ச பொறவு வரட்டும்" என்றார்.

"அதுக்கு மாசம் ஒண்ணு ஆகுமே அண்ணாச்சி."

"ஆகட்டும். நான் என்ன ஓடியா போறேன்?" என்றவர், மூச்சு வாங்கியதால் நிறுத்தினார். அப்புறம் மெதுவாக, "எனக்குன்னு அவன்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான் வே. அதையும் வழியில போனவருக்குக் குடுத்துட்டான்" என்றார்.

அன்றிலிருந்து மாரிச்செல்வம் தறிக்கூடத்தில்தான் படுக்கை. காலையில் நான் கடை திறக்கும் முன்னால் வாசலில் நிற்பான். கண்ணாடியில் மூக்கை ஒட்டி உதட்டைப் பார்ப்பான். விளக்கெண்ணெய் தடவினால் சீக்கிரம் வளருமா? தினம் சிரைத்தால் அடர்த்தியாக வருமாமே? ஒரு நாள் உதட்டில் புற்றுமண்ணைக் குழைத்து அப்பிக்கொண்டு வந்தான். இன்னொரு நாள் நாடகக்காரர்கள் ஒட்டுகிற மீசை எங்கே கிடைக்கும் என்று கேட்டான். "ஏலே, பெத்த அப்பனை ஒட்டுமீசை வச்சு ஏமாத்தப் போறியா, வெக்கங்கெட்டவனே?" என்று சத்தம் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு அவன் மேல் கோபம் இருந்தது உண்மை. என் மேல் இருந்த கோபத்துக்கு அது பாதிகூட வராது.

ஒன்றுவிட்டு ஒரு நாள் நான் அண்ணாச்சிக்குச் சவரம் செய்யப் போவேன். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை செய்துகொண்டவர். இப்போது தாடி இல்லாவிட்டாலும் கூப்பிட்டனுப்புவார். கத்தி கன்னத்தில் இருக்கும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்பார்.

"எவ்வளவு இருக்கு?"

"கறுப்புத் தட்டியிருக்கு. கையில தட்டுப்படல."

இரண்டு நாள் கழித்து, "இப்ப?"

"ரவை மாதிரி இருக்கு அண்ணாச்சி."

அவனும் கேட்பான். "அப்பா என்ன சொன்னாவ?" எவ்வளவு இருக்குன்னு கேட்டாவ என்பேன். "அவ்வளவுதானா?" என்பான். அவ்வளவுதான் என்பேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தெருதான் இருந்தது. ஆயிரம் சமாதானம் சொல்லியும் அதைக் கடக்க இரண்டு பேரும் சம்மதிக்கவில்லை.

பதினாறாம் நாள் தலைவருடைய அஸ்தி வந்தது. நாடு முழுக்கக் கலசம் பிரித்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்ததைத் தேரடியில் வைத்துச் சர்வமதப் பிரார்த்தனை நடத்தி, ஊர்வலமாகப் பனவடலிசத்திரம் வழியாகத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் தாமிரபரணியில் கரைக்க ஏற்பாடு. கலசத்தை ஏந்தி வண்டியில் நிற்க மாரிச்செல்வத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார் மாவட்டம். அன்றைக்கு எடுத்த அவன் படம் எல்லார் செல்போனிலும் சுற்றியிருந்ததாம். தலைவருக்கு மகன் இல்லாத குறையை எங்கள் தம்பி தீர்த்தான் என்று மைக்கில் பேசினார்.

அன்று காலையும் அண்ணாச்சிக்குச் சவரம் செய்யப் போனேன். மூன்று தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மூச்சு வரும்போது தோள்பட்டை தூக்கிப் போட்டது. மயினி பக்கத்தில் நின்று விசிறினாள். வெளியே ஒலிபெருக்கியில் பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதுவது கேட்டது, அப்புறம் பாதிரியார் ஜெபம் சொன்னார், அப்புறம் ஓதுவார் தேவாரம் பாடினார். ஒரு மனிதருக்காக ஊரில் உள்ள சாமிகளையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டார்.

"எவ்வளவு இருக்கு?"

"எள்ளு அளவு தாண்டியாச்சு. நெல்லு அளவுக்கு வரல."

தன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சைத்தான் எண்ணுகிறாரோ என்று நினைத்தேன்.

"நெல்லு அளவுக்கு நான் இருக்க மாட்டேன் வே" என்றார். "போதும். வரச் சொல்லும்."

பாதி நுரையோடு அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தேரடியில் கால் வைக்க இடமில்லை. திறந்த ஜீப் வண்டியில் பூ அலங்காரத்துக்கு நடுவில் மாரிச்செல்வம், சிவப்புத் துணி சுற்றிய கலசத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். முண்டியடித்து ஏறினேன்.

"அப்பா கூப்பிடுதாவ. இப்பவே வா."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். உடனே அது பதற்றமாக மாறிற்று. "கலசத்தைக் கீழ வைக்கக் கூடாது அண்ணாச்சி. ஆத்துலதான் இறக்கணும்."

"அப்ப யாருகிட்டயாவது குடு."

சுற்றிலும் பார்த்தான். மாவட்டம் முன்சீட்டில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். தலைவருடைய சாம்பலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மீசையை எடுத்தது நீங்கதான. இதையும் பிடிங்க" என்று என் கையில் திணித்துவிட்டுக் குதித்தான். கீழே நியாஸ் பைக்கோடு நின்றான். அவன் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் கூட்டம் வழிவிட்டது. நான் நின்ற வண்டியும் கிளம்பிவிட்டது.

திரும்பிப் பார்த்த மாவட்டத்துக்கு முகம் கறுத்தது. "ஏய், இவர் கையில யாருடே குடுத்தா?" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வந்தார், அந்தச் சொல் எதுவென்று எனக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து கேட்பதுதான். ஆனால் இரண்டு பக்கமும் ஜனங்கள் கும்பிடுகிறார்கள், பூ வீசுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். பிடுங்க முடியுமா? நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். செத்தால் முதல் போன் எனக்கு, சாம்பலைத் தொட மட்டும் நான் ஆகாதாக்கும்.

ஊரைத் தாண்டினோம். பள்ளிவாசல் முன்னால் தொப்பி போட்டவர்கள் எழுந்து நின்றார்கள். சர்ச் வாசலில் பிள்ளைகள் மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் கஞ்சிக் கும்பாவை இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்து அழுதார்கள். நானும் அழுதேன். சத்தியமாகத் தலைவருக்காக அல்ல. 'அந்தப் பயல் போய்ச் சேர்ந்திருக்கணும், சங்கரா, அவன் போய்ச் சேர்ந்திருக்கணும்' என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பிறகுதான் நினைத்தேன், அன்றைக்கு நியாஸ் வேண்டிக்கொண்டதும் இப்படித்தான். செத்தவருக்கு முந்தி, தன்னுடைய ஆளுக்கு.

பனவடலிசத்திரம் வரும்போது சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு கையும் கலசத்தில். பக்கத்தில் நின்றவர் எடுத்து என் காதில் வைத்தார்.

"அண்ணாச்சி, கத்தி எடுத்துட்டு வாங்க" என்றான் மாரிச்செல்வம்.

ஒன்றைத்தான் கேட்டேன். "பாத்தாவளா?"

"பாத்தாவ. பக்கத்துல கூப்பிட்டு, விரலால தடவிப் பாத்தாவ. 'குத்துதுலே'ன்னாவ. சிரிச்சாவ, அண்ணாச்சி. அவ்வளவுதான்."

அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. "வண்டியை நிறுத்தும்" என்றேன். "நட்ட நடுவுல நிறுத்த முடியாது, ஆத்துக்குப் போயிதான் நிக்கும்" என்றார் மாவட்டம்.

"மாவட்டம், உமக்கு அப்பா இருக்காரா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "செத்துப் பத்து வருஷமாச்சு. எதுக்குக் கேக்கேரு?"

"அப்ப பிடியும். உமக்கு ஒரு தடையும் இல்ல."

குனிந்து கலசத்தை அவர் மடியில் வைத்தேன். கீழே வைக்கக் கூடாதே, அவரும் பிடித்துக்கொண்டார். பேரிகார்டுக்காக வண்டி மெதுவான இடத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஊர் திரும்பினேன்.

வீட்டில் அண்ணாச்சி முகத்தில் ஒரு பக்கம் சவரம் செய்திருந்தது, மறுபக்கம் நுரை காய்ந்திருந்தது. முதலில் அதை முடித்தேன். மயினி இந்தத் தடவை வளையலை உடைக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சுடுகாட்டில் மாரிச்செல்வம் என் முன்னால் வந்து உட்கார்ந்தான். கத்தியைத் தண்ணீரில் நனைப்பதற்கு முன்னால் கேட்டேன். எல்லாருக்கும் பதில் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"அப்பா இருக்காரா?"

"இல்ல, அண்ணாச்சி."

பதினஞ்சு நாள் மீசை. ஒரே இழுப்புக்குத்தான் இருந்தது. நான் நாலு இழுப்பாக எடுத்தேன்.